முத்திரை மேசை

ஆறு மாதம் எனக்கு ஒரே வேலை, முத்திரை குத்துவது.
செவில்லா நகரம், கார்த்தூஹா தீவு, தொண்ணூற்றிரண்டு.
மார்பில் பெயர்ப்பட்டை: எவுலாலியா.
அதன் கீழே மூன்று கொடி, மூன்று மொழி.
(மூன்றாவது பொய்.)
காகிதக் கடவுச்சீட்டோடு பிள்ளைகள் வரிசையில் வருவார்கள்,
ஐஸ்கிரீம் கை, வியர்வைக் கை,
மூக்கைத் துடைத்த கையாலேயே நீட்டுவான் ஒருவன்.
டப்.
செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய் வந்துவிட்டாய்.
அடுத்தது.

அக்டோபர் பன்னிரண்டு இரவு வாணவேடிக்கை.
அதற்கப்புறம் எண்பதே நாள்,
நாடு இரண்டாகிவிட்டது.
கட்டடம் மட்டும் சேதி தெரியாமல்
கதவைப் பூட்டிக்கொண்டு நின்றது.
முத்திரைக் கட்டையைக் கேட்டு யாரும் வரவில்லை.
வந்திருந்தாலும்
எந்தப் பாதியிடம் கொடுப்பது?

பந்தல் பிரித்த இடத்தில் குழிகள் இருக்கும்,
இரண்டு மழையில் தூர்ந்துவிடும்.
இந்தப் பந்தலுக்குக் கால்கள் கான்கிரீட்.

முதலில் கொடிகள் போயின.
பிறகு பித்தளைக் கைப்பிடிகள்.
பிறகு செம்புக் கம்பி. இருட்டில் வந்தவர்கள்
அவசரமே இல்லாமல் உரித்தெடுத்தார்கள்,
வெங்காயம் உரிப்பதுபோல், ஆனால் கண் கலங்காமல்.
தொங்குவண்டிப் பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோது
என் நாத்தனார் புருஷன் காசிமிரோ ஒன்றை எடுத்தான்.
ஏன் என்று அவனுக்கே தெரியாது.
ஆற்றுக்கு மேலே அமைச்சர்களைச் சுமந்த பெட்டி
அவன் கொல்லையில் கோழிக்கூடு.
பதினோரு கோழி, ஒரு சேவல்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
கழுத்தைச் சாய்த்து, எதையும் விடாமல்,
எதுவும் புரியாமல் பார்க்கின்றன.
வரிசையில் நின்றவர்கள் ஞாபகம் வரும் எனக்கு.

நான் இன்னும் இந்தத் தீவில்தான் இருக்கிறேன்.
மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி,
வாசலில் என் மேசை.
முன்பு இது எந்த நாட்டின் கூடம் என்று
உள்ளே இருக்கும் பையன்கள் கேட்டதில்லை.
கூரைதான் மறைக்கத் தெரியாமல் நிற்கிறது:
கணக்கெழுதும் இடத்துக்கு எதற்கு இவ்வளவு உயரம்?
ஒரு பல்பு மாற்ற கிரேன் வரவேண்டும்.
கூரியர் வந்தால் குத்துகிறேன், 'பெறப்பட்டது.'
டப்.

மதியத்தில் சாப்பாட்டு டப்பாவோடு
வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன்.
தண்ணீர் இல்லாத ஒரு குளம்,
அதன் நீலத் தரையைப் பிளந்துகொண்டு ஓர் அத்திமரம்.
யாரும் வைக்கவில்லை.
நிர்வாகத்தின் வரைபடத்தில் அது இன்றைக்கும் குளம்தான்.

அங்கே போகும் வழிநெடுக, தலைக்கு மேலே
மெல்லிய குழாய்கள் ஓடும்.
அந்தக் கோடையில் அவை பனிபோல் நீர் தூவின;
ஜனங்கள் அண்ணாந்து வாயைத் திறந்து நின்றார்கள்.
பிறகு முப்பது வருடம் வறட்சி.
போன ஆகஸ்டில், நாற்பத்துநான்கு டிகிரியில்,
எங்கோ கசிவு தேடிய குழாய்க்காரன் நிக்கானோர்
தப்பான வால்வைத் திறந்துவிட்டான்.

முதலில் ஒரு இருமல்.
துருத்தூள் விழுந்தது.
ஒரு குளவிக்கூடு விழுந்தது, காலி.
பிறகு, இருபது மீட்டர் நீளத்துக்கு,
மழை என்று சொல்லமுடியாத ஒன்று.

கீழே நான், ஒரு நாய்,
சாப்பாடு கொண்டுவந்த ஹோண்டுராஸ் பையன் ஒருவன்.
"இது எதுக்கு?"
"கண்காட்சிக்கு."
"எப்போ?"
"முடிஞ்சுபோச்சு."
"இருக்கட்டும்" என்று ஹெல்மெட்டைக் கழற்றினான்.
அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடி நின்றான்.

இரண்டு நிமிடம் இருக்கும்.
நிக்கானோர் எங்கிருந்தோ கத்தினான்,
மன்னிக்கணும், தெரியாமத் திறந்துட்டேன்!
குழாய் நின்றது. நாய் உதறிக்கொண்டது.

"அவர்கிட்டச் சொல்லுங்க" என்றான் பையன்,
"நாளைக்கும் இதே நேரத்துக்குத்
தெரியாமத் திறக்கச் சொல்லி."